கங்கப்பன் பாஸ் செய்த விளையாட்டு

கங்கப்பன் ஓய்வு பெற்ற நாளில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி மேடையில் வாசித்தவன் நான்தான். என் பெயர் ஷௌகத் அலி. அவருக்குக் கீழே பதினொரு வருஷம் வேலை பார்த்தவன். நான் வாசித்ததில் பொய் ஒன்றும் இல்லை. இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, அவர் பார்த்து அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, யாரிடமும் ஓசியில் ஒரு டீ குடித்ததில்லை என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் விட்டுவிட்டேன். அதை வாசித்திருந்தால் அந்த மேடையில் அவர் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பார், நான்தான் கூனிக் குறுகி நின்றிருப்பேன். விட்டதை இப்போது எழுதுகிறேன்.

கங்கப்பனுக்கு ஊத்தங்கரைப் பக்கம் ஒரு காய்ந்த ஊர். அப்பா கிணறு வெட்டும் கூலி. பாறை தட்டினால் குழி போட்டுத் தோட்டா வைத்து வெடிப்பார்கள். ஏழு திரி கொளுத்தினால் சில நாள் ஆறுதான் வெடிக்கும். ஏழாவது செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுக் கங்கப்பன்தான் அந்தக் கூட்டத்தில் எடை குறைந்தவர். இதை அவர் சாப்பாட்டு நேரத்தில் களியை உருட்டிக்கொண்டே பெருமையாகச் சொல்வார்.

"எங்கப்பன் என் இடுப்புல கவுறு கட்டி எறக்கி வுட்டுருவான் பாய். நான் போயி தொட்டுப் பாப்பேன். நாலு வருசம் எறங்குனேன். செத்தா போயிட்டேன்? கெட்டா போயிட்டேன்?"

கெட்டுப் போகவில்லை என்று நாங்கள் எல்லாரும் தலையாட்டுவோம். வேறு என்ன செய்வது, அவர் மேலதிகாரி.

எழுபத்தெட்டில் ஓசூருக்கு வந்து எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். வார்த்து ஆறிய இரும்பின் பிசிறுகளைச் சக்கரத்தில் தேய்த்து எடுக்கும் கிரைண்டிங் செக்ஷனில் எட்டு வருஷம். அந்தச் சத்தத்தில் இடது காது போயிற்று. பிறகு இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றினார்கள், அங்கேதான் அவர் ராஜா. லாரிக்குப் போகும் பிரேக் உருப்படிகள் ஐந்நூறு ஐந்நூறாக வரும். ஐந்நூறுக்கு ஒன்றை எடுத்து அழுத்தும் மிஷினில் வைத்து, உடையும் வரை பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். எத்தனை பாரத்தில் உடைகிறது என்பதை வைத்து மொத்த லாட்டும் பாஸ் ஆகும், அல்லது உலைக்கே திரும்பும். மற்றவர்கள் கைக்கு வந்த பீஸை எடுப்பார்கள். கங்கப்பன் மட்டும் தானே போய், குனிந்து தேடி, யார் கையும் படாத புதுப் பீஸாகப் பொறுக்கி எடுப்பார். ஒரு தடவை பாரம் பட்ட பீஸை மறுபடி சோதிக்கக் கூடாது, அது தப்புக் கணக்குச் சொல்லும் என்பார்.

"ஒண்ணு செத்தாத்தான் பாய் மீதி நானூத்தித் தொண்ணூத்தொம்போதும் பொழைக்கும்."

பாரத்தை ஏற்றும்போது மட்டும் தெலுங்கில் எண்ணுவார். நான் முள்ளைப் பார்த்து ரீடிங்கைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் மாதம் ஒரு நாள் சோம்பலில் ஒரு ரீடிங்கைத் தோராயமாகச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. பதினொரு கிலோ உருப்படி ஒன்றை என் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வைத்து, கேன்டீன் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தினார். சாப்பிடப் போகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். அதற்குப் பிறகு நான் அவரிடம் தப்பான ரீடிங் சொன்னதே இல்லை. அவர் கேட்டால் என் வாய் தானாக உண்மையைச் சொல்லும்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவருக்கும் நாராயணம்மாவுக்கும் பிறந்த ஒரே பையன் முனிராஜ். வீட்டிலும் இன்ஸ்பெக்ஷன்தான். அந்த ஆள் கோபத்தில் அடித்து நான் பார்த்ததில்லை. நிதானமாக, யோசித்து, அளந்து தண்டிப்பார். பையன் ஏழு வயது வரை படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். ஒரு மார்கழிக் காலையில் நனைந்த போர்வையைக் கையில் விரித்துப் பிடித்தபடி, அது காயும் வரை தெருவில் நிற்கச் சொன்னார். ஓசூர் மார்கழியில் வெயில் எங்கே இருக்கிறது? சாயங்காலம் வரை நின்றான். நானும் அவரும் குடியிருந்த காலனியில் எல்லாரும் பார்த்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள், கங்கப்பன் கண்டிப்பான மனுஷன் என்று பேசிக்கொண்டோம்.

அப்படி வளர்ந்த பையன் நன்றாகப் படித்தான் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். தொண்ணூற்றேழில் பத்தாவது. ஒல்லிக்குச்சி, மெதுவான பேச்சு. பத்து முடித்துப் பாலிடெக்னிக் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் வாய் விட்டுக் கேட்ட ஆசை. அவனும் என் மகன் ரஃபீக்கும் ஒரே வகுப்பு.

அந்த வருஷம்தான் ராயக்கோட்டை ரோட்டில் ஜமீர் அகமது அந்த மிஷினைக் கொண்டுவந்து இறக்கினான். அதுவரை வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். கேபிள் டி.வி. வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. பெங்களூரில் ஒரு கடையில் கழித்துக் கட்டிய விளையாட்டு மிஷினை லாரியில் போட்டுக் கொண்டுவந்தான். தலையில் மாட்டிக்கொள்ள வயர் தொங்கும் பெரிய ஹெல்மெட், கையில் பிடிக்க ஒரு துப்பாக்கி. மாட்டினால் கண்ணுக்கு முன்னால் ஒரு தெரு தெரியும். நாம் தலையைத் திருப்பினால் தெருவும் திரும்பும். சந்துக்குள்ளிருந்து ஆட்கள் வருவார்கள். சுட வேண்டும். சுட்டால் ரத்தம் கக்கி விழுவார்கள். விட்டால் அவர்கள் நம்மைச் சுடுவார்கள், கண் முழுக்கச் சிவந்துவிடும். உள்ளே இருப்பவன் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் டி.வி.யில் மற்றவர்களுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் கடை வாசலில் பையன்கள் மொய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மூன்று மாதம் கழித்து, எங்கள் காலனி மாரம்மாவின் மகன் அந்த ஆட்டத்தில் வருவதைப் போலத் தன் தங்கையைச் சுவரோரம் கையைத் தூக்கி நிற்க வைத்து உண்டிவில்லால் அடித்துவிட்டான். கல் புருவத்தைக் கிழித்தது, நாலு தையல். மாரம்மா கடை வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினாள். காலனியில் பாதிப் பேர் கடையை மூடச் சொன்னார்கள், பாதிப் பேர் உண்டிவில் ஊரில் எப்போது இல்லை என்றார்கள். இது வளரும் பிள்ளைகள் விளையாடத் தக்கதா இல்லையா என்று மூன்று வாரம் பேசினோம். மூன்றாவது ஞாயிறு தொழிற்சங்க ஷெட்டில் கூட்டம். ஜமீர் எழுந்து, "கங்கப்பன் சார் பாத்துச் சொல்லட்டும். அவரு ஆவாதுன்னா அன்னிக்கே ஷட்டர எறக்கிடறேன்," என்றான். எல்லாருக்கும் நிம்மதி. தீர்ப்பு சொல்லும் பாரத்தை இன்னொருவர் தலையில் வைத்தாயிற்று.

கங்கப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"மிஷினப் பாத்தா என்னா தெரியும்? பீஸப் போட்டுப் பாக்கோணும். பதினஞ்சு வயசுல ஒரு பையன் வேணும். இதுவரைக்கும் ஆடாதவனா இருக்கோணும். ஆடுனவன வெச்சிப் பாத்தா கணக்குத் தப்பாப் போயிரும்."

யாரும் பையனைக் கொடுக்கவில்லை. பீஸ் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"சரி, எம் பையன் இருக்கான். அந்தக் கடை வாசப்படிய அவன் மிதிச்சதில்ல. மிதிச்சது தெரிஞ்சா மறுநாளே படிப்புக்கு முழுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றார்.

முனிராஜ்தான் அந்தக் கடையிலேயே பெரிய ஆட்டக்காரன் என்பது பாதிப் பேருக்குத் தெரியும். டியூஷன் என்று சொல்லிவிட்டு வருவான். அவன் ஆடுவதைப் பார்க்கவே கூட்டம் சேர்வதால் ஜமீர் அவனிடம் காசு வாங்குவதில்லை. ரஃபீக் சொல்லி எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். ஜமீர் என்னைப் பார்த்தான், நான் மேல் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் முனிராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"பாய் மாமா, அப்பாக்கிட்ட சொல்லிடாதீங்க. நான் தெரியாத மாதிரியே ஆடறேன். தோத்துக்கிட்டே இருப்பேன். ஆனா அழ மாட்டேன். அழலன்னா கேம் பாஸ் ஆயிரும், எனக்கும் ஒண்ணும் ஆவாது."

"போடா, நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்றேன். அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து என் மனைவி காத்தூன் உள்ளே போய் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை. ஜமீர் கடையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். கங்கப்பன் வேலைக்கு வரும் அதே நீலச் சட்டை, பேனா, அட்டையில் செருகிய வெள்ளைத் தாள். பையனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக் குறித்துக்கொண்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். மகனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. ஹெல்மெட்டை மாட்டச் சொன்னார்.

முதல் ஆட்டத்தில் முனிராஜ் தடுமாறினான், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தான், அரை நிமிஷத்தில் டி.வி. சிவந்தது. நன்றாக நடித்தான். இரண்டாவதும் அப்படியே. "மூடு," என்றார் கங்கப்பன் தெலுங்கில். மூன்று. நிறுத்தாமல் அடுத்தது, அடுத்தது. ஐந்தாவது முடிந்ததும் பையன் தண்ணீர் கேட்டான்.

"லோடு ஏத்தறப்ப நடுவுல எறக்கக் கூடாது," என்றார்.

ஜமீர் செம்போடு நின்றவன் நின்றபடி நின்றான். ஆறாவது ஆட்டத்தில் பையன் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வாந்தி எடுத்தான். கங்கப்பன் தன் கைக்குட்டையால் அவன் வாயைத் துடைத்து, மறுபடி நாடி பார்த்து, எழுதி, ஹெல்மெட்டைத் தன் கையாலேயே தலையில் இறக்கினார். "ஏடு." ஏழு. மாரம்மாவின் வீட்டுக்காரரே, "போதும் சார், வுட்டுருங்க," என்றார். "நீங்கதான கேட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டார் கங்கப்பன்.

எட்டாவது ஆட்டத்தில் முனிராஜ் மறந்துவிட்டான். களைப்போ, வாந்தி எடுத்த மயக்கமோ, நடிக்கத் தெம்பு இல்லை. உள்ளே இருந்த தெரு அவனுக்கு எங்கள் காலனித் தெருவைவிடப் பழக்கம். டி.வி.யில் யாரும் இல்லாதபோதே சட்டென்று பின்னால் திரும்பிச் சுட்டான். சுட்ட இடத்துக்கு ஆள் வந்து விழுந்தான். அடுத்து மாடி ஜன்னல், அடுத்து வண்டிக்குப் பின்னால். குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. வேடிக்கை பார்த்த பையன் ஒருவன் வாசலில் விசில் அடித்தான்.

கங்கப்பன் டி.வி.யைப் பார்க்கவில்லை. பையனின் கழுத்தையும் முழங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்மானம் பார்க்கும் அந்தப் பார்வையை நான் ஒன்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பாய், எத்தன மாசம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. வாழைப்பழம் தின்றுவிட்டு, வாசலில் நின்று கை ஆட்டிவிட்டுப் போன பிள்ளை. ஆனால் அவர் கேட்ட குரல் ரீடிங் கேட்கும் குரல்.

"மூணு, சார்," என்றேன்.

ஹெல்மெட்டுக்குள் காது அடைபட்டிருந்த முனிராஜுக்கு அது கேட்கவில்லை. அவன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து, அந்தக் கடையில் யாரும் எடுக்காத புள்ளி டி.வி.யில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவன் முதலில் அப்பா முகத்தைப் பார்த்தான், பிறகு என்னை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"எதுக்கு வந்த?" என்றார் கங்கப்பன். குரல் உயரவில்லை.

முனிராஜுக்கு வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது, அவன் துடைக்கவில்லை.

"கேக்கறேன். பாடம் இருக்குது, பாலிடெக்னிக் போவோணும்ன. எதுக்கு இங்க வந்த?"

"இதுல அடிச்சா திருப்பி அடிக்கலாம்ப்பா," என்றான் முனிராஜ்.

யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு அது, நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கங்கப்பன் மட்டும் சிரிக்கவில்லை. தாளை அட்டையில் நிமிர்த்தி வைத்து எழுதினார். எழுதிய பிறகு எழுந்து நின்று வாசித்தார்.

"மூணு மாசம் ஆடியிருக்கான். பரீட்சைல மார்க்கு கொறையல. கை நடுங்கல. யாரையும் அடிக்கல. எட்டு தடவ தொடர்ந்து லோடு ஏத்தியும் ஒடையல. ஆட்டத்துல கோளாறு கெடையாது, பாஸ். பீஸுலதான் கோளாறு. பொய் சொல்ற பீஸு."

ஆடியவனை வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும் என்று சொன்ன அதே வாய்தான் அதையும் வாசித்தது. அந்த லாட்டில் வேறு பீஸ் எடுத்துப் பாருங்கள் சார் என்று கேட்க வேண்டியவன் நான். அந்த மனுஷர் நியாயமாகத் தீர்ப்பு சொன்னதாகவே நம்பினார். ஜமீருக்குச் சாதகமாகவே சொன்னார், தன் வீட்டு மானம் போவதைக்கூடப் பார்க்காமல் சொன்னார் என்று அன்று டீக்கடையில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். ஜமீர் கண்ணில் தண்ணீர் வர எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். கங்கப்பன் தன் டீக்குத் தானே காசு வைத்தார். முனிராஜ் தன் வாந்தியைத் தானே கழுவி விட்டுவிட்டு அப்பாவின் பின்னால் நடந்தான்.

சாயங்காலம் நாராயணம்மா எங்கள் வீட்டுக் கதவருகே வந்து நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணா, புஸ்தகத்த எல்லாம் கட்டி எடைக்குப் போட்டுட்டாரு. நாளைக்கு கம்பெனிக்கு இட்டுக்கினு போறாராம். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு அண்ணா. இன்னும் ஏழு மாசம்தான், பரீட்ச எழுதிடுவான்."

"பேசறேம்மா," என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. நான் போகவில்லை. போனால் மூன்று மாதம் ஏன் மறைத்தாய் என்று கேட்பார், எனக்கு அந்த வருஷம்தான் கிரேடு உயர வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை காண்ட்ராக்டர் ஆஞ்சப்பன் கேட் ரூமில் ஒரு ஃபாரத்தை நீட்டினான். கிரைண்டிங் செக்ஷன், ஹெல்ப்பர். வயது என்ற இடத்தில் பதினெட்டு என்று ஏற்கனவே எழுதியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முனிராஜ் பள்ளிக்கூடத்துக் காக்கிப் பேண்டோடு நின்றான். வேறு பேண்ட் இல்லை போலிருக்கிறது.

"எனக்குப் பதினஞ்சுதான் மாமா," என்றான். என்னிடம் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமல் இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்பதைப் போலச் சொன்னான்.

"பாய், கையெழுத்து," என்றார் கங்கப்பன்.

போட்டேன். ஆஞ்சப்பன் பெரிய ஆள் அளவுக் கையுறை ஒரு ஜோடி கொடுத்து அவனை உள்ளே அழைத்துக்கொண்டு போனான். சக்கரங்கள் ஓடத் தொடங்கிய சத்தம் கேட் ரூம் வரை கேட்டது. பொய்த் துப்பாக்கியைப் பிடிக்கப் பதினைந்து வயது போதுமா என்று மூன்று வாரம் சண்டை போட்ட எங்கள் காலனி, இதைப் பற்றி ஒரு கூட்டமும் போடவில்லை. மாரம்மாகூட, நல்ல வேலைதான், நிரந்தரமாகிவிடும் என்று சொன்னதாகக் காத்தூன் சொன்னாள்.

அன்று வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது ரஃபீக் முகம் கழுவித் தலை வாரி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றான்.

"அத்தா, ஜமீர் அண்ணன் கடைக்குப் போகட்டா? அதான் கங்கப்பன் சாரே ஓகே சொல்லிட்டாரில்ல?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"முனிராஜு இனிமே வர மாட்டானில்லத்தா?" என்றான். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப அங்க நான்தான் ஃபர்ஸ்ட்டு."

"போய்ட்டு வா," என்றேன்.